பேச்சி பறந்த வெள்ளிக்கிழமை

என் அப்பாவுக்கு எந்த ஏணியின் மேலும் நம்பிக்கை கிடையாது. பரணிலிருந்து ஒரு சட்டியை எடுக்க வேண்டுமென்றாலும் ஏணியை மூன்று முறை உலுக்கிப் பார்ப்பார். பிறகு அடியில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பாதி ஏறிய பின், பிடித்துக்கொண்டவர் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று இறங்கி வந்து ஒருமுறை பார்ப்பார். சட்டி கைக்கு வந்து சேரும்போது அம்மா வேறு பாத்திரத்தில் சமையலை முடித்திருப்பாள். எங்கள் வீட்டில் ஊஞ்சல் கிடையாது. மொட்டை மாடிக்குப் போகும் கதவு வருஷத்தில் இரண்டு முறை, வற்றல் போடும்போது மட்டும் திறக்கும்.

அவர் மதுரை நகரசபையில் ஓவர்சியராக இருந்தார். கிணறு, சாக்கடை, சின்னச் சின்னப் பாலங்கள், இவைதான் அவருடைய ராஜ்யம். கீழக்குயில்குடிப் பக்கத்தில் நிலம் உழுகிற சம்சாரி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள். பத்து வயதுவரை கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்தவர் என்பதால் கயிறு, கப்பி, எடை இவற்றைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்ல முடியாது. மற்றபடி ஊரில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். எனக்கும் அந்த அபிப்பிராயம்தான்.

நான் சொல்லப்போகும் மார்கழியில் அம்மா பிரசவத்துக்காக உசிலம்பட்டியில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு வயது பத்து. அரைப் பரீட்சை முடிந்து விடுமுறை. பக்கத்து வீட்டு அத்தை வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். ஆனால் பகல் முழுவதும் என்னைக் கட்டி மேய்க்க அவளால் ஆகவில்லை. ஆகையால் அப்பா என்னைச் சைக்கிளின் முன் தண்டில் உட்காரவைத்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகள் விடுமுறையில் என்னென்னவோ பார்த்தார்கள். நான் மதுரையின் சாக்கடைகளைப் பார்த்தேன்.

அப்போதுதான் சர்க்கஸ் வந்தது. மாட்டுவண்டியில் தம்பட்டம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசினார்கள். நோட்டீஸில் யானை இருந்தது, சிங்கம் இருந்தது, பின்னங்காலில் நிற்கும் குதிரை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கைகளை விரித்துக்கொண்டு அந்தரத்தில் ஒரு சிறுமி. ஆகாயத்தில் பறக்கும் அதிசயச் சிறுமி மிஸ் லில்லி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஆட்டம். நான் அந்த நோட்டீஸை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில மாதம் முன்னால் வேறெங்கோ ஒரு ஊரில் நாடகக் கொட்டகையில் பலகை சரிந்து நிறையப் பேர் அடிபட்டிருந்தார்கள். அதனால் சர்க்கஸ் கூடாரத்தில் ஜனங்கள் உட்காரும் பலகைகள் உறுதியாக இருக்கின்றனவா என்று ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அனுமதி என்று உத்தரவு வந்தது. உத்தரவு பலகைகளைப் பற்றி மட்டும்தான் பேசியது. மேலே பார்க்கச் சொல்லவில்லை. அப்பா மேலே பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சனிக்கிழமை காலையில் வைகைப் பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையத்துக்கு அப்பால் இருந்த பொட்டலுக்குப் போனோம். கூடாரத்துக்குள் சாணி வாசனையும் புது மரத்தூள் வாசனையும் கலந்து அடித்தது. சர்க்கஸை நடத்துகிற மாஸ்டர் எங்களை வரவேற்றார். அவர் மலையாளக் கரைக்காரர். வயது ஐம்பது இருக்கும். உடம்பு மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அப்பாவுக்கும் போட்டார். அப்பா அதை உலுக்கிப் பார்த்துவிட்டு உட்காராமலே வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு பலகையிலும் ஏறி, உட்கார்ந்து, எழுந்து, குதித்து, அடுத்ததற்கு நகர்ந்தார். அப்படி இரண்டு மணி நேரம். கூடாரத்து ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டார்கள்.

கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உச்சியில் ஊஞ்சல் பழக்கம் ஆரம்பித்தது. பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட ஒரு பெண், என்னைவிட ஒரு பிடி உயரம், நூலேணியில் அணில்போல ஏறிப் போனாள். ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு வீசினாள். எதிரே இன்னொரு ஊஞ்சலில் மாஸ்டர் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் வீச்சில் அந்தப் பெண் கைகளை விட்டாள். நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவள் சற்று நேரம் இருந்தாள். பிறகு மாஸ்டரின் கைகளில் இருந்தாள்.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் இறங்கி வந்ததும், ஊஞ்சலுக்கு அடியில் கட்டியிருந்த வலையைக் காட்டி அப்பா கேட்ட முதல் கேள்வி, "இந்த வலை எந்த வருசத்து வலை?"

"வலைக்கு வருசமா? சாரே, நீங்க பெஞ்சு பாக்க வந்த ஆளு."

"பெஞ்சப் பாத்துட்டேன். இப்ப வலையப் பாக்குறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா வலையின் ஓரமாக நடந்து ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணின் எடை என்ன என்று விசாரித்தார். அறுபது ராத்தல் என்றார்கள். நூற்றிருபது ராத்தலுக்கு ஒரு சாக்கில் மணலை நிரப்பி, மேலேயிருந்து தள்ளச் சொன்னார். மாஸ்டர் முனகிக்கொண்டே தள்ளச் சொன்னார். மூட்டை வலையில் விழுந்தது. வலை அறுந்துபோகவில்லை. ஆனால் தொட்டில்போலத் தாழ்ந்து தாழ்ந்து, மூட்டை தரையில் பொத்தென்று இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"மூட்டைக்கு விழத் தெரியாது சாரே. எம் பிள்ளைக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர்.

அது உண்மைதான். அவர்களுக்கு முதல் பாடமே விழுவதுதான். முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கைகளை மடக்கி, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழ வேண்டும். காலை ஊன்றினால் கால் போகும், கையை ஊன்றினால் கை போகும். அந்தப் பெண் ஊஞ்சலைத் தொடுவதற்கு முன் மூன்று மாதம் வெறுமனே விழுந்துகொண்டிருந்தாளாம்.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தெரிஞ்சு விழுகுற அன்னைக்கு வலையே வேணாம்யா. தெரியாம விழுகுற அன்னைக்குத்தான் வேணும்" என்றார். கையெழுத்துப் போடாமல் சைக்கிளை எடுத்துவிட்டார்.

ஞாயிறும் திங்களும் கூடாரத்தில் மண்வெட்டிச் சத்தம்தான். வலையை இரண்டு முழம் உயர்த்தி இழுத்துக் கட்டினார்கள். வலைக்குக் கீழே தரையை ஒரு முழம் தோண்டி, நாலு வண்டி வைகை மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். முளைக்குச்சிகளை மாற்றினார்கள். இதற்குள் ஓவர்சியர் சர்க்கஸை நடக்கவிடமாட்டேன் என்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அவர் யானையைக் கண்டு பயந்துவிட்டார் என்று ஒரு கட்சி. சர்க்கஸே பிடிக்காத ஆசாமி என்று ஒரு கட்சி. பால்காரர்கூட வீட்டு வாசலில் நின்று, "என்னண்ணே, எங்கள யானை பாக்க விடுவீகளா மாட்டீகளா?" என்று கேட்டார். அப்பா பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "வலையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் வலையோடு மல்லுக்கட்டிய அந்த நாட்களில் நான் மிஸ் லில்லியின் சிநேகிதி ஆகிவிட்டேன்.

அவள் பெயர் லில்லி இல்லை, பேச்சி. ஊர் மேலூர்ப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருஷத்தில், ஏழு வயதில், அவளை மாஸ்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மாஸ்டரின் மனைவி அவளுக்குத் தலைபின்னி, சோறு போட்டு வளர்த்தாள். ஐந்து வருஷத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போதுதான் சர்க்கஸ் மதுரைக்கு வந்திருக்கிறது. மேலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் கையைக் காட்டினேன். அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குதிரைக் கொட்டகைதான் தெரிந்தது.

"எங்காத்தாவுக்கு நான் என்ன வேல பாக்குறேன்னே தெரியாதுடி. யானைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்."

எனக்கு எழுதத் தெரியும் என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான் அவளைப் பார்த்த பார்வையும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டிலிருந்து ஒரு கார்டு கொண்டுவந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆத்தா, நான் மதுரையில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறக்கிறேன், வந்து பார். இப்படிக்கு உன் மகள் பேச்சி. கிராமத்துப் பெயரும் தாயார் பெயரும் சொன்னாள். அப்பா தபால் பெட்டியருகே ஏதோ ஒரு சின்னப் பாலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நானே போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்காகப் பேச்சி ஒரு புது வித்தை பழகிக்கொண்டிருந்தாள். ஊஞ்சலை விட்ட பிறகு, மாஸ்டரின் கைக்குப் போகும் முன், அந்தரத்தில் ஒரு கரணம். அது இன்னும் முழுசாகப் படியவில்லை. நாலு தடவையில் ஒரு தடவை வலையில்தான் போய் விழுவாள். செவ்வாய்க்கிழமை அப்பா இதைக் கவனித்துவிட்டார். நேராகச் சாமான் பெட்டிகளிடம் போய் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். அடியில் ஒரு பழைய இடுப்பு வார் அகப்பட்டது. அகலமான தோல் பட்டை, இரண்டு பக்கமும் வளையம். வளையத்தில் கட்டிய கயிறுகள் உச்சியில் உள்ள கப்பிகள் வழியாகக் கீழே வரும். கீழே ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பான். பிடி தவறினால் கயிற்றை இழுத்து அந்தரத்திலேயே நிறுத்திவிடலாம்.

"இது எதுக்குப் பொட்டிக்குள்ள கெடக்கு?"

"அது சின்னப் பிள்ளைகள் பழகறது" என்றார் மாஸ்டர்.

அப்பா பேச்சியை ஒருமுறை பார்த்தார், மாஸ்டரை ஒருமுறை பார்த்தார். மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "சர்க்கஸ் கிணறு இல்ல சாரே. இவ வாளி இல்ல. எங்கப்பன் என்னை வார் கட்டியா பழக்கினான்?" என்று கத்தினார். அப்பா கத்தவில்லை. வாரைக் கட்டிக்கொண்டு கரணத்தை மூன்று தடவை அடுத்தடுத்துப் பிசகாமல் செய்துகாட்டினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். வலைக்காகவோ வாருக்காகவோ கையெழுத்தை நிறுத்த அந்த உத்தரவில் அவருக்கு அதிகாரமே இல்லை என்பது மாஸ்டருக்குக் கடைசிவரை தெரியாது.

புதன்கிழமை பேச்சி வாரைக் கட்டிக்கொண்டு ஏறினாள். கயிறு இழுத்தது. கரணம் பாதியில் நின்றது. திரும்ப ஏறினாள். திரும்பவும் பாதி. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மத்தியானம் குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். இப்படியே போனால் வெள்ளிக்கிழமை கரணம் வேண்டாம், வெறுமனே பறந்தால் போதும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

"எங்காத்தா அம்புட்டுத் தூரத்துலேருந்து வருது. நான் வாளி மாதிரி தொங்குறதப் பாக்கவா வருது? உங்கப்பா எதுக்குடி இப்புடிப் பயப்படுறாரு?"

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அந்த வார் ஒரே ஒரு நாள் காணாமல் போனால் போதும், வாரில்லாமல் நாளைக் காலையில் கரணத்தைச் செய்துகாட்டிவிடுவேன், உன் அப்பாவே வாயடைத்துப் போவார் என்றாள் பேச்சி. அப்பாவை யாராவது வாயடைத்துப் போகச் செய்வதில் எனக்கும் சம்மதம்தான். சாயங்காலம் கிளம்பும் முன் வாரை எடுத்து, குதிரைத் தீவனமான கொள்ளு மூட்டைகளுக்குப் பின்னால் திணித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே, குளிருகிறதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலையில் வாரைக் காணோம். பெட்டிகளைப் புரட்டினார்கள். கூடாரத்து ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாடைபேசிக்கொண்டார்கள். மாஸ்டர் ஒருபுறம் நிம்மதியாகவும் ஒருபுறம் கோபமாகவும் இருந்தார். அப்பா, "வார் இல்லன்னா இன்னைக்குப் பழக்கம் இல்ல" என்றார். மாஸ்டர், "பழக்கம் இல்லன்னா நாளைக்கு ஆட்டம் இல்ல. நீங்களே ஊருக்குச் சொல்லிக்கோங்க" என்றார். இருவரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது, யாரும் சொல்லாமலே பேச்சி நூலேணியில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவு நாளும் அதே ஏணியில் அதே உயரத்துக்கு அவள் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அது உயரமாகத் தெரிந்ததில்லை. இன்றைக்கு அவள் ஏற ஏறக் கூடாரம் வளர்ந்துகொண்டே போனது. உச்சிப் பலகையில் நின்று, வழுக்காமல் இருக்கக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, கீழே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் கத்திவிட்டேன்.

"அவளை எறங்கச் சொல்லுங்க! வாரு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான்தான் ஒளிச்சு வச்சேன்!"

கூடாரத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே ஓடிப்போய்க் கொள்ளு மூட்டைக்குப் பின்னாலிருந்து வாரை எடுத்துக்கொண்டு வந்தேன். தோலெல்லாம் கொள்ளுத் தூசி. அப்பா அதைக் கையில் வாங்கித் துண்டால் துடைத்தார். வளையங்களை இழுத்துப் பார்த்தார். பேச்சியை இறங்கி வரச்சொல்லி அவரே கட்டிவிட்டார். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

கயிறு பிடிக்கும் ஆள் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால், கயிற்றின் வாலைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்பா நின்றார். மாஸ்டர் எதிர் ஊஞ்சலில் தலைகீழானார். பேச்சி வீசினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வீச்சு முடியும் முன்பே, என்மேல் இருந்த கோபமோ என்னவோ, ஒரு நொடி முன்னதாகக் கையை விட்டுவிட்டாள்.

கரணம் கோணிக்கொண்டது. மாஸ்டரின் கை நீண்டது, எட்டவில்லை. பேச்சி நேராகக் கீழே விழாமல், விசையில் சாய்ந்து, வலையின் ஓரத்தைத் தாண்டி இடது பக்கமாகப் போனாள். அங்கே வலையும் இல்லை, மணலும் இல்லை. இழுகயிறு கட்டிய இரும்பு முளைகள் வரிசையாக நின்றன.

கப்பி கிறீச்சிட்டது. கயிறு பிடித்தவன் இரண்டடி இழுபட்டுப் போனான். அப்பா குதிகாலை மண்ணில் ஊன்றி, அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சி முளைகளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், கையும் காலும் பரப்பி, மெல்லச் சுழன்றுகொண்டு தொங்கினாள்.

மேலேயிருந்து அவள் குரல்தான் முதலில் வந்தது.

"எறக்கி விடுங்களேன். வாரு இடுப்ப அறுக்குது."

மாஸ்டர் வலையில் குதித்து இறங்கி ஓடிவந்தார். அவளைத் தூக்கி நிறுத்தி, தலை, தோள், கை, கால் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஏதோ மலையாளத்தில் திட்டினார். திட்டிக்கொண்டே மறுபடியும் தலையிலிருந்து தொட்டுப் பார்த்தார். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். அவருடைய உள்ளங்கை இரண்டிலும் தோல் வழன்று சிவப்பாக இருந்தது.

"எப்பத்தா ஒளிச்சு வச்ச?" என்றார்.

"நேத்துச் சாயங்காலம்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே, அரை மணி நேரம் கழித்து, பேச்சி திரும்ப ஏறினாள். உடனே ஏறாவிட்டால் பயம் உடம்பில் தங்கிவிடும் என்றார் மாஸ்டர். அது மாஸ்டருடைய தொழில் என்று அப்பா விட்டுவிட்டார். கயிற்றைத் தளர்த்திப் பிடிக்க வேண்டிய நேரம் எது என்று மட்டும் மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிடிக்கிற ஆளுக்குச் சொன்னார். மத்தியானத்துக்குள் பேச்சி கரணத்தை மூன்று தடவை அடுத்தடுத்துச் செய்துவிட்டாள். மூன்றாவது முறை கயிறு இருப்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் நின்ற பக்கமாகக் காற்றிடம் சொன்னாள். பிறகு அருகில் வந்து, என் புஜத்தில் நன்றாகத் திருகிக் கிள்ளி, "சொல்லிப்புட்டயேடி" என்றாள். கிள்ளிய கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கன்றிப்போன இடம் பொங்கல்வரை இருந்தது.

வலையின் இரண்டு ஓரத்திலும் இறக்கைபோல இன்னும் நாலு முழம் நீட்ட வேண்டும் என்று அப்பா சொன்னபோது மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய வலைகளைப் பிரித்துப் பின்ன உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை பேச்சியின் தாயார் வருவதையும் கார்டு போட்டதையும் நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, பின்னுகிறவர்களோடு தானும் உட்கார்ந்துவிட்டார். ஓவர்சியர் தரையில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்க்க ஊரிலிருந்து சில பேர் வந்து போனார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மணல் மூட்டையை நடுவில் போட்டார்கள், ஓரத்தில் போட்டார்கள், இறக்கையில் போட்டார்கள். மூட்டை துள்ளி எழுந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். துணி சுற்றிய கையால் போட்டதால் அது அவர் கையெழுத்துப்போலவே இல்லை.

சாயங்காலம் கூட்டம் பொட்டலை அடைத்துக்கொண்டு நின்றது. பேச்சியின் தாயாரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குக் கவலை. அவள் சொன்ன அடையாளம், இரண்டு முன்கையிலும் பச்சை குத்தியிருக்கும் என்பதுதான். வாசலில் நின்று வருகிறவர்கள் கையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், கம்பி வேலி ஓரமாக, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல், துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மெலிந்த பெண்பிள்ளை நின்றாள். இரண்டு முன்கையிலும் பச்சை. ஒரு கையில் என் கார்டு. யாரிடமோ படித்துக் கேட்டுவிட்டு, அதிகாலையிலேயே கிளம்பி நடந்து வந்திருக்கிறாள்.

அப்பா அவளை முன்வரிசைக்குக் கூட்டிவந்தார். அவள் நாற்காலியைத் தொடாமல் கீழே உட்காரப் போனாள். "இங்கனயே உக்காந்துக்கிறேன் ஐயா" என்றாள். அப்பா அந்த நாற்காலியை மூன்று முறை உலுக்கிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு. உக்காருங்கத்தா" என்றார். அதன் நுனியில் உட்கார்ந்தாள். நான் நடுவில். எனக்கு அந்தப் பக்கம் அப்பா.

யானை வந்தது, குதிரை வந்தது, கோமாளி விழுந்து எழுந்தான். எனக்கு எதுவும் மனசில் நிற்கவில்லை. பிறகு வாத்தியம் நின்றது. ஜிகினாச் சட்டையில் பேச்சி வந்து நூலேணியில் ஏறினாள். கரணம் படிந்துவிட்டதால் இன்றைக்கு இடுப்பில் வார் இல்லை, இறக்கை நீட்டிய வலை மட்டும்தான். பக்கத்தில் இருந்தவள் மகளை அடையாளம் கண்டுகொண்டாளா என்றே எனக்குத் தெரியவில்லை. "அந்தா, அதுதான் பேச்சி" என்று காட்டினேன். "ஆமா" என்றாள், மெதுவாக.

பேச்சி வீசினாள். கைகளை விட்டாள். உடம்பைச் சுருட்டிக்கொண்டு முழுசாக ஒரு கரணம் போட்டு, விரிந்து, மாஸ்டரின் கைகளில் போய்ச் சேர்ந்தாள். கூடாரமே இரைந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவளுடைய தாயார் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

அவள் மேலே பார்க்கவேயில்லை. முன்னால் குனிந்து, மூட்டையை இறுக்கிக்கொண்டு, வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. நான் ஆத்திரத்தோடு இந்தப் பக்கம் திரும்பினேன். அப்பாவும் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரம் ஓரமாக, முடிச்சு முடிச்சாக. அத்தனை ஆயிரம் பேர் அண்ணாந்து வாய்பிளந்து நிற்கும் கூடாரத்தில் இந்த இரண்டு பேர் மட்டும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை பறந்தாள். மூன்றாம் முறை பறந்தாள். இரண்டு பேரும் நிமிரவில்லை. கடைசியில் பேச்சி வேண்டுமென்றே ஊஞ்சலை விட்டு, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகு பட வலையில் விழுந்து, பந்துபோல் துள்ளி எழுந்து நின்று கும்பிட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பெருமூச்சு வந்தது. அப்பா துணி சுற்றிய கையால் கைதட்டிவிட்டு, வலி தாங்காமல் உதறிக்கொண்டார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

ஆட்டம் முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் தாயும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். ஐந்து வருஷத்தில் பேச்சி தாயாரின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். தாயார் மூட்டையைப் பிரித்தாள். அவித்த பனங்கிழங்கு. ஜிகினாச் சட்டையோடு பேச்சி அங்கேயே உட்கார்ந்து நாரை உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். தாயார் அவள் முதுகை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டேயிருந்தாள். எலும்பெல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி இருந்தது. மாஸ்டரின் மனைவி அந்த அம்மாளுக்கு ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

பேச்சி என்னை இழுத்துக் காதோடு கேட்டாள். "எங்காத்தா நான் கரணம் போட்டதப் பாத்துச்சாடி?"

ஒரு விநாடிதான் யோசித்தேன்.

"கண்ணெடுக்காமப் பாத்தாங்க" என்றேன்.

பேச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கும் அந்தப் பனங்கிழங்கில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது பாலத்தில் காற்று இதமாக இருந்தது. கீழே மணலில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்பா எதிரே ஆளே இல்லாதபோதும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிக்கு நாளைக்கே ஒரு கார்டு போட வேண்டும், அம்மாவுக்கு இதையெல்லாம் எழுத வேண்டும், நீயே எழுது, உன் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சரி என்றேன். கார்டு போட்டதற்கும் வாரை ஒளித்ததற்கும் அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆனாலும் எனக்கு மனசு முழுசாக நிம்மதியாகவில்லை. சாயங்காலம் நடந்த எல்லாமே நல்லபடியாக இருந்தும், அந்தத் தாயார் கண்ணெடுக்காமல் பார்த்தது வலையைத்தானே, சிநேகிதியிடம் கடைசியில் ஒரு பொய் சொல்லிவிட்டேனே என்று உறுத்திக்கொண்டிருந்தது. அது பொய் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.